மூன்றாவது மாசத்துத் தாடி

போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து ஒரு ஷேவிங் செட் அனுப்பியிருந்தாள். அட்டைப் பெட்டி, அதற்குள் துணிப்பை, அதற்குள் பளபளவென்று ஒரு ரேசர். இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடைப் போட்டுத் திருகுகிற பழைய வகைதான். பெட்டிக்கு அடியில் எட்டாக மடித்த தாள் ஒன்று கிடந்தது. ஓர் ஆணின் கழுத்தைப் படமாகப் போட்டு அதன்மேல் அம்புக்குறிகள் வரைந்திருந்தார்கள். இங்கிலீஷில் அரைப்பக்கம் எழுதியிருந்ததன் சாரம் இவ்வளவுதான்: கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளரும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கி வளரும். ஆகவே முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முடி படிகிற பக்கமே மழியுங்கள். அழுத்த வேண்டாம். எரிச்சல் இருக்காது.

தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பெட்டியோடு சும்மா மடித்து வைத்துக் கொடுக்கிற அளவுக்குச் சாதாரண சங்கதியா இது? இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு என்ன, இழந்தது என்ன? முப்பது வருடத்துக்கு முன்னால் எவனாவது ஒருவன் இந்தத் தாளைக் காற்றிலாவது பறக்கவிட்டிருக்கக் கூடாதா?

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கடுதாசியப் பாத்துட்டு மூஞ்சி இப்பிடிப் போவுது?"

"ஒண்ணுமில்ல. பிளேடு" என்றேன்.

முன்பு ஒருத்தி கேட்டபோதும் இதே பதிலைத்தான் சொன்னேன். அவளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கழுத்து.

செட்டோடு ஒரு சோப்பும் வந்திருந்தது. சந்தன வாசனை. எனக்குச் சவரம் என்றாலே மூக்கில் ஏறுவது துணி சோப்பின் வாசனைதான். நுரை அதிகம் வந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும் என்று நானாக முடிவு கட்டி, வேட்டி துவைக்கிற சோப்பை எடுத்து மூஞ்சியில் தேய்த்துக்கொண்டவன் நான். பி.எட். படித்தவன் வேறு.

எங்கள் ஊர் முள்ளுக்குறிச்சி. கொல்லிமலையின் அடிவாரம். சொந்தக் காட்டில் கிழங்கும் கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டில் எவரும் தன் முகத்தைத் தானே மழித்ததில்லை. ஊர் நாவிதர் வாரம் ஒருமுறை வருவார். அப்பாவை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து முடித்துவிட்டு, அடுத்து என்னைக் கூப்பிடுவார். மோவாயை இரண்டு விரலால் பிடித்து அவரே திருப்பிக்கொள்வார். கண்ணை மூடினால் போதும், திறக்கும்போது வேலை முடிந்திருக்கும். இருபத்துமூன்று வயதுவரை என் கழுத்தில் முடி எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அது என்பதும் தெரியாது.

அந்த வயதில் மலைமேல் வாத்தியார் வேலை கிடைத்தது. திருப்புலி நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை தந்தார்கள். முடி வெட்ட வேண்டுமென்றால் சந்தை நாளில் செம்மேட்டுக்குப் போக வேண்டும். மீதி நாளெல்லாம் முள்ளு முள்ளாக நின்றுகொண்டு பாடம் நடத்த வெட்கமாக இருந்தது. ஒரு ரேசரையும் கைக்கண்ணாடியையும் வாங்கினேன். அறைக்கு வெளியே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்று நின்றது. அதில் ஆணியடித்துக் கண்ணாடியை மாட்டி, பனி விலகாத காலையில், பல் கூசுகிற தண்ணீரில் தொடங்கினேன்.

கன்னம் ஒருவழியாகப் படிந்துவிட்டது. கழுத்துதான் என் உயிரை வாங்கியது. ஒருதரம் இழுத்தால் சொரசொரப்பு போகாது. அமுக்கி இன்னொருதரம் இழுப்பேன். அப்புறம் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாந்தரம். முடித்துத் தண்ணீரை ஊற்றினால் மிளகாய் அரைத்துப் பூசியதைப் போல எரியும். மறுநாள் சட்டைக் காலர் படுகிற இடமெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளம். அது ஆறுவதற்குள் அடுத்த சவரம். கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதிய வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

யோசனைக்கா பஞ்சம்? படிகாரம் போடு என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் தடவு என்றார் இன்னொருவர். எல்லாம் தடவினேன். பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு வந்து இராத் தங்கிப் போகிற கடைசி பஸ்ஸின் டிரைவர் மாரிமுத்து மட்டும் காலையில் மரத்தடியில் நான் படும் அவஸ்தையை நேரிலேயே பார்த்தார். அவர் கண்ணாடிகூட இல்லாமல் மழித்துக்கொள்கிற மனிதர்.

"ஏனுங்க சாரு, ஏத்தத்துல வண்டி இளுக்கறாப்பல இளுக்கறீங்க? ஏத்தம் கூடாதுங்க. எறக்கத்துல சும்மா உடுங்க, அதுவே போவும்."

எழுபது கொண்டைஊசி வளைவைத் தினமும் ஏறி இறங்குகிறவர் சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா? அன்றிலிருந்து மேலிருந்து கீழாகவே மழித்தேன். கழுத்தில் ஓரிடம் விடாமல் இறக்கம்தான். கொப்புளம் இரட்டிப்பாகிவிட்டது. அவர் கழுத்துக்கு அது இறக்கம், என் கழுத்துக்கு அதுதான் ஏத்தம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இறக்கம் என்றால் தரையைப் பார்த்துப் போவது என்றுதான் மலையில் ஏறி இறங்குகிற எவனும் நினைப்பான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்மா பெண் பார்க்க ஏற்பாடு செய்தாள். பக்கத்து ஊர். பெண்ணின் பெயர் கலாமணி. அவளை நான் முன்பே இராசிபுரம் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாள். அதற்காகவே எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வரன் வந்தபோது முள்ளுக்குறிச்சியிலேயே அதிர்ஷ்டசாலி நான்தான் என்று நினைத்தேன்.

அவள் அப்பா கண்டிப்பானவர். "எங்க புள்ள நிமுந்து ஒரு வார்த்த பேசமாட்டாளுங்க" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். நான் பலகாரம் தின்ற கையைக் கழுவப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். நிமிர்ந்து பேசாத பிள்ளை அங்கே குடத்தோடு நின்றது. நேராக என் கழுத்தைப் பார்த்தது.

"கழுத்துல என்னங்க, கொசுவா?"

"இல்லீங்க. பிளேடு."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அத ஏனுங்க தெனமும் போட்டு நோண்டறீங்க? கொஞ்ச நாளைக்கு உட்டுருங்க. ஆறட்டும்."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம் ஆனது. அறுவடை முடிந்து நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றலாம் என்று நாள் குறித்தார்கள். இரண்டரை மாதம் இருந்தது.

நான் மலையேறியதும் ரேசரைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். டிரைவர் சொல்லி ஆறாதது, படிகாரம் போட்டு ஆறாதது, அவள் சொன்னபடி விட்டதும் பதினைந்தே நாளில் ஆறிவிட்டது. பிறகு மழிக்கலாம்தான். ஆனால் பயம். மறுபடி கொப்புளம் கிளம்பி, நிச்சயத்தன்று சிவந்த கழுத்தோடு போய் நின்றால்? முதல்நாள் ஊருக்குப் போய் நாவிதரிடமே எடுத்துக்கொள்ளலாம் என்று தாடியை வளரவிட்டேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவளே வளர்த்துவிட்ட தாடியைப் போல ஓர் இது.

பள்ளிக்கூடத்துக்கு மேல்புறம் செல்லாயி என்ற அம்மாளின் காடு. சாமையும் கிழங்கும் மிளகும் போட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வாழைப்பழமோ பலாவோ சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, முள்ளுக்குறிச்சியில் விற்றுவிட்டு ஏறிவிடுவார். நான் அதே ஊருக்குப் பஸ் பிடித்து மலையைச் சுற்றிப் போய்ச் சேர அரைநாள் ஆகும். ஒருநாள் காலையில் கூடையோடு கண்ணாடி மரத்தருகே நின்று என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"ஏனுங்க சாரு, எத்தன மாசமாச்சுங்க?"

தாடியைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொன்னேன். "ரெண்டு முடிஞ்சு மூணாவது நடக்குதுங்க."

"நல்லதுங்க. ஏத்தம் எறக்கம் கூடாதுங்க, பாத்துக்கங்க." கூடையிலிருந்து இரண்டு நாரத்தங்காயை எடுத்து என் கையில் வைத்தார். "இத வெச்சுக்கங்க. நல்லாக் கேக்கும்."

மாரிமுத்து ஏத்தம் மட்டும்தான் கூடாதென்றார். இந்த அம்மாள் இரண்டுமே கூடாதென்கிறாரே, அப்படியானால் குறுக்குவாட்டில் மழிக்க வேண்டுமோ என்று வெகுநேரம் யோசித்தேன். அப்புறம் நாரத்தங்காயை அறுத்துத் தாடிக்குள் விட்டு நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். அரிப்புக்குக் கேட்குமாம் என்று எண்ணம். நான் போட்ட சத்தத்தில் மரத்தில் உட்கார்ந்திருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் பிள்ளை பிறக்கும்வரை முடி எடுக்க மாட்டான். மலைமேலும் அதே வழக்கம்தான், மலையடியிலும் அதே வழக்கம்தான். என் சித்தப்பா மூன்று தடவை அப்படித் தாடி வளர்த்ததைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் கல்யாணமே ஆகாதவனுக்குத் தன் மோவாயைப் பார்த்து அந்த ஞாபகம் எங்கிருந்து வரும்? மலைக்கு வரும் வாத்தியார்கள் பெண்டாட்டியைக் கீழே விட்டுவிட்டுத் தனியாகத்தான் இருப்பார்கள். செல்லாயி அம்மாளின் கணக்கில் நானும் அப்படி ஒருவன். மாசத்தைக் கேட்டார், சொன்னேன். மசக்கைக்கு நாரத்தங்காய் கொடுத்தார், அந்தப் புண்ணியவதி. மேடுபள்ளத்தில் வீட்டுக்காரியை நடக்கவிடாதே என்று நல்ல புத்தியும் சொன்னார். அன்றைக்கே முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, எங்க ஊர் சாரு ஊட்டுல மூணாவது மாசம் என்று பழம் வாங்கியவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அவர் மனசில் ஒரு சொட்டு விஷம் கிடையாது. அதனால் அவரைத் திட்டவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நிச்சயத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். பையை வைத்துவிட்டு நேரே நாவிதரைப் பார்க்கப் போவதாகத் திட்டம். வீட்டில் கலாமணியின் அப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த மோரைத் தொடவில்லை. என் தாடியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"தம்பி, மொகத்துக்கு நேரா ஒண்ணு கேக்கோணுங்க. மல மேல உங்களுக்குக் குடும்பம் இருக்குதாமா?"

"இல்லீங்க. யாருங்க சொன்னது?"

"மூணாவது மாசம் நடக்குதுன்னு நீங்க சொன்னீங்களா, இல்லீங்களா?"

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. செல்லாயி அம்மாளின் சிரிப்பும் நாரத்தங்காயும் வரிசையாகக் கண்முன் வந்தன.

"சொன்னனுங்க. அது தாடிக்குச் சொன்னதுங்க."

"தாடிக்கு எங்கியாச்சும் மாசம் சொல்லுவாங்களாங்க?"

"கழுத்து புண்ணா இருந்துச்சுங்க. ஆறட்டும்னு உட்டுட்டனுங்க."

"கண்ணாலத்துக்குப் பேசி முடிச்சவன் எவனாச்சும் தாடி உடுவானாங்க? உடச்சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"

உங்கள் மகள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. சொன்னால் எப்போது சொன்னாள், எங்கே வைத்துச் சொன்னாள் என்ற கேள்வி வரும். நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை, பேசி முடிக்காத ஓர் ஆம்பளையோடு தொட்டியடியில் தனியாக நின்று பேசியது என்று ஆகும். எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் அந்த வீட்டில்தான் போய்ப் படுக்க வேண்டும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு சாமி, யாரு சொன்னா?" என்றாள்.

"யாருமில்லீங்க. நானாத்தான் உட்டேன்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒரு ஆளு பேரச் சொல்லியிருந்தீங்கன்னா நானும் நம்பியிருப்பனுங்க. வாரனுங்க."

மோர் அப்படியே இருந்தது. அம்மா அழுதாள். மலைக்கு வந்து விசாரித்துப் பாருங்கள் என்று ஆள் அனுப்பினோம். போய் விசாரித்தவர்கள் செல்லாயி அம்மாளைத்தான் விசாரித்தார்கள். "அவரு வாயாலதானுங்க சொன்னாரு" என்று அந்த அம்மாள் சத்தியம் பண்ணாத குறை. உண்மையைத்தானே சொன்னார்.

திங்கட்கிழமை விடியலில் தாடியோடுதான் மலையேறினேன். நாவிதரிடம் போகப் பிடிக்கவில்லை. பஸ் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தது. மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், சும்மா கழுத்தைத் தடவினேன். கீழிருந்து மேலே தடவினால் வழவழவென்று போனது. மேலிருந்து கீழே இறக்கினால் குத்தியது. மறுபடி தடவினேன். தொண்டைக்குழியிலிருந்து தாடைவரை முடி முழுக்க மேல்நோக்கிப் படிந்திருந்தது. நீளமாக வளர்ந்ததால்தான் அது கைக்குத் தெரிந்தது. இத்தனை மாதமாக நான் அதை எதிர்த்து எதிர்த்தே இழுத்திருக்கிறேன். என் கல்யாணத்தைக் கெடுத்த தாடிதான் அதையும் சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன், வெந்நீர் வைத்து, புதுப் பிளேடு போட்டு, குளிக்கிற சோப்பையே குழைத்து, கத்தரியால் முதலில் குட்டையாக வெட்டிவிட்டு, கழுத்தில் கீழிருந்து மேலாக ஒருதரம், அமுக்காமல், ஒரே ஒருதரம் மழித்தேன். துளிகூட எரியவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அடுத்த வருடம் இராசிபுரம் பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டில் கலாமணி. பக்கத்தில் அவள் புருஷன். கல்யாணம் ஆன சேதி தெரியும், ஆளை அன்றுதான் பார்த்தேன். நல்ல அடர்த்தியான தாடி. முதலில் தாடியைத்தான் பார்த்தேன், அப்புறம்தான் அதன் அர்த்தம் உறைத்தது. பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அவர் ஏதோ வாங்க இறங்கினார். அவள் திரும்பினாள். நேராக என் கழுத்தைப் பார்த்தாள்.

"ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சுங்க."

"அப்பா கேட்டப்ப நாஞ் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள். சன்னமான குரல். "கதவுக்குப் பின்னால ஒளியறவளா இருந்தா அன்னிக்குத் தொட்டிகிட்ட உங்ககிட்டப் பேசியிருப்பனுங்களா? சொல்லியிருந்தீங்கன்னா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன்."

அவளைக் காப்பாற்றியதாக ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் புருஷன் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தையோடு ஏறிவிட்டார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துத் தெரிந்தவரைப் போலச் சிரித்தார். ஏதாவது பேசியாக வேண்டும்.

"எத்தன மாசமுங்க?" என்றேன்.

"அஞ்சு நடக்குதுங்க."

"நல்லதுங்க. ஏத்தம் எறக்கம் கூடாதுங்க, பாத்துக்கங்க."

அவள் திரும்பவில்லை. பஸ் குலுங்கிக் கிளம்பியபோது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது முள்ளுக்குறிச்சியிலிருந்தே மலைக்கு ரோடு ஏறுகிறது. செல்லாயி அம்மாள் இறங்கிய ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது. நான் கண்ணாடி மாட்டிய மரத்தை வெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு நீள மதில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மழிக்கிற நாவிதர் இல்லை, அவர் பேரன் டவுனில் கடை வைத்துத் தாடிக்கு விதவிதமாகக் கோடு போடுகிறான். பஸ்ஸில் ஏறினால் பையன்கள் எல்லோருக்கும் தாடி. மாசம் கேட்க ஒருத்தி இல்லை.

என் மருமகனுக்கும் தாடி உண்டு. போன தீபாவளிக்கு வாசலில் வந்து இறங்கியவரை, மகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆசையை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எத்தன மாசமுங்க மாப்ள?"

"மாசமா? ரெண்டு வருஷமாச்சுங்க மாமா" என்றார்.

தாடியைத்தான் சொன்னார். அன்றைக்கு நானும் தாடியைத்தான் சொன்னேன்.